உணவுப் புகைப்படக்காரராகத் தனி அடையாளம் பெறுவது எப்படி?

"படம் நன்றாக வருகிறது, ஆனால் என்னுடையது என்று யாருக்கும் தெரியவில்லை" என்கிறீர்கள். சரி, ஊரார் உணவுக்கு அடியில் வைத்துப் படமெடுக்கும் மரப்பலகையை முதலில் ஒதுக்குங்கள். உங்கள் வீட்டில் இட்லி எவர்சில்வர் தட்டில் வந்தால், அதிலேயே எடுங்கள். தட்டு கண்ணைப் பறிக்கும் என்று பலர் தவிர்க்கிறார்கள். ஜன்னலில் மெல்லிய வெள்ளை வேட்டியைக் கட்டினால் ஒளி பரவி, பளபளப்பு அடங்கும். ஆவி தெரிய, ஒளி தட்டின் பின்னாலிருந்து வரட்டும். பின்னணி இருட்டாக இருக்கட்டும். டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள், இரு ஒளி கலந்தால் சட்னியின் நிறமே மாறும்.

அப்புறம், சாப்பாட்டுக் கடைக்காகப் படம் எடுக்கும்போது கடைக்காரர்கள் பரிமாறும் அளவையே காட்டுங்கள். கூடுதலாக நாலு கறித்துண்டு வைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வேலை போனாலும் பரவாயில்லை, உங்கள் படத்தை நம்பிப் போனவர் ஏமாறக்கூடாது.