பாடகர் போகட்டும், பேண்டின் பெயர் யாருக்கு?

கேள்வி: ஐந்து பேர் சேர்ந்து ஆறு வருடமாக ஒரு பேண்டு நடத்தினோம். எல்லோருக்கும் வேறு வேலை இருக்கிறது, இசை பகுதி நேரம்தான். நான் கிட்டார் வாசிப்பவன். பாதிக்கு மேல் மெட்டுகள் என்னுடையவை, பேண்டுக்குப் பெயர் வைத்ததும் நான்தான். கச்சேரிக்குக் கிடைக்கும் பணத்தைச் செலவு போக ஐந்தாகப் பிரித்துக்கொள்வோம். அந்தப் பணத்தில்தான் மிக்ஸரும் ஸ்பீக்கர்களும் வாங்கினோம். போன மாதம் வாட்ஸ்அப் குழுவில் சண்டை முற்றி, பாடகர் டிரம்மரையும் அழைத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். மிக்ஸரும் அவரிடம்தான் இருக்கிறது. இப்போது அதே பெயரில் புது ஆட்களோடு மேடை ஏறுகிறார். பெயரை என் பேரில் டிரேட்மார்க் செய்யப் போகிறேன். அவருடைய யூடியூப் வீடியோக்களுக்கு ஸ்ட்ரைக் (பதிப்புரிமைப் புகார்) கொடுத்து, மிக்ஸருக்காகத் திருட்டுப் புகாரும் கொடுக்கலாமா?

பதில்: ரிகர்சலுக்கு யார் தாமதமாக வந்தார், மேடையில் உங்கள் சோலோவை யார் பாதியில் வெட்டினார், போஸ்டரில் யார் முகம் பெரிதாக இருந்தது என்றெல்லாம் நீளமாக எழுதியிருந்தீர்கள். அவற்றை இங்கே சேர்க்கவில்லை, நீதிமன்றத்துக்கும் அவை வேண்டாம். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்குத் தேவையான வாக்கியம் ஒன்றுதான்: ‘செலவு போக ஐந்தாகப் பிரித்துக்கொள்வோம்.’

பணம் வாங்கிக்கொண்டு தொடர்ந்து கச்சேரி செய்து லாபத்தைப் பிரித்தீர்கள் என்றால், பத்திரம் எழுதாவிட்டாலும் நீங்கள் ஐவரும் பங்குதாரர்கள் என்றே எதிர்த்தரப்பு வாதிடும். 1932-ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தைப் பார்த்தால் அந்த வாதம் நிற்கும். அப்படி நின்றால், பெயரை யோசித்தது யார் என்ற கேள்விக்கு மதிப்பு போய்விடுகிறது. அந்தப் பெயருக்கு ஊரில் சேர்ந்த மதிப்பு (சட்டத்தில் ‘குட்வில்’) கூட்டாண்மையின் சொத்து. இங்கிலாந்தில் சாக்சன் என்ற ராக் குழுவின் முன்னாள் உறுப்பினர்கள் இருவர் குழுவின் பெயரைத் தங்கள் பேரில் பதிவு செய்துகொண்டார்கள். 2003-இல் நீதிமன்றம் அந்தப் பதிவைச் செல்லாது என்றது. பெயர் கூட்டாண்மைக்குரியது, தனி உறுப்பினருக்கு அல்ல என்பதுதான் காரணம். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பெயரைத் தவறாகப் பயன்படுத்துவது பற்றிய நம் சட்டமும் அதே வேரில் முளைத்தது, உங்கள் பாடகரின் வக்கீல் இதை எடுத்து நீட்டாமல் இருக்க மாட்டார்.

பேண்டு உடைந்தவுடன் ‘முந்திக்கொண்டு பதிவு செய்துவிடு’ என்று யாராவது சொல்லிவிடுவார்கள். என்னிடம் வந்தவர்களில் பலர் விழுந்த குழி அதுதான். விண்ணப்பத்தில் இந்தப் பெயரை ஆறு வருடமாகப் பயன்படுத்துகிறேன் என்று சொன்னால், அதற்குப் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் இணைக்க வேண்டும். ஆதாரமாக எதை வைப்பீர்கள்? பழைய போஸ்டரைத்தான். அதில் ஐந்து முகங்கள் இருக்கும், நடுவில் மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடகர். ‘நான் மட்டுமே உரிமையாளர்’ என்று கையெழுத்துப் போட்ட தாளோடு, அது பொய் என்று காட்டும் படத்தையும் நீங்களே சேர்த்து அனுப்புகிறீர்கள். விண்ணப்பம் டிரேட்மார்க் இதழில் வெளியானபின் நான்கு மாதத்துக்குள் யார் வேண்டுமானாலும் ஆட்சேபிக்கலாம். பாடகர் ஆட்சேபித்தால் விண்ணப்பம் தோற்பதோடு நிற்காது. நாளைக்கு நீங்கள் இடைக்காலத் தடை கேட்டுப் போனால், நீங்களே நேர்மையாக நடக்கவில்லை என்று அதே பிரமாணப் பத்திரத்தை நீதிபதி முன் வைப்பார்கள். தயவுசெய்து அந்த விண்ணப்பத்தைத் தொடாதீர்கள்.

ஸ்ட்ரைக்கும் அதே ரகம்தான். நீங்கள் தனியாகப் போட்ட மெட்டு உங்களுடையது, சரி. ஆனால் நம் சட்டத்தில் பாடல் வரிகள் தனிப் படைப்பு, ஒலிப்பதிவு தனிப் படைப்பு. பொதுப் பணத்தில் பதிவு செய்த பாடலை ‘முழுக்க என்னுடையது’ என்று புகார் செய்தால், ஆதாரமில்லாத மிரட்டல் என்று பதிப்புரிமைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவில் பாடகரே உங்கள்மேல் வழக்குப் போட வழி இருக்கிறது. இன்னொன்று: மெட்டில் கீபோர்டுக்காரர் பங்கு கேட்க மாட்டார் என்று நம்பாதீர்கள். புரோக்கோல் ஹாரம் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் ஆர்கன் வாசிப்பாளர், 1967-இல் வெளிவந்த ஒரு பாடலின் இசையில் 40 சதவீதப் பங்கை 2009-இல் அந்நாட்டின் அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபையில் உறுதி செய்துகொண்டார். 1999-இல் ஸ்பாண்டாவ் பாலே என்ற பேண்டின் வழக்கிலோ, எழுதியவர் மட்டுமே ஆசிரியர், வாசித்தவர்களுக்குப் பங்கில்லை என்றது நீதிமன்றம். யார் எந்தச் சுரத்தைக் கொடுத்தார் என்று நிரூபிப்பதில்தான் எல்லாம். அந்தக் கதவை நீங்களே திறந்துவிட வேண்டாம்.

திருட்டுப் புகாரை மறந்துவிடுங்கள். கூட்டாண்மைச் சொத்தைக் கையில் வைத்திருக்கும் பங்குதாரர்மேல், தனி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, நம்பிக்கை மோசடிக் குற்றம் நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 1965-லேயே சொல்லிவிட்டது. திருட்டு என்று பெயரை மாற்றி எழுதினாலும் ‘இது சிவில் விவகாரம்’ என்றுதான் ஸ்டேஷனில் சொல்வார்கள்.

உங்களுக்கு நிஜமான ஆபத்து, கடிதத்தில் நீங்கள் சொல்லாத இடத்தில் இருக்கிறது. பாடகர் அதே பெயரில் அட்வான்ஸ் வாங்கி நிகழ்ச்சியை நடத்தாமல் விட்டால், அமைப்பாளர் பணத்தைத் திருப்பிக் கேட்டு உங்களிடமும் வரலாம். குழு கலைந்தது என்று பொது அறிவிப்பு வரும்வரை, வெளி ஆட்களுக்கு நீங்கள் இன்னும் பங்குதாரர். ஆகவே முதல் வேலை, குழு கலைந்தது என்று மற்ற நால்வருக்கும் எழுத்தில் நோட்டீஸ். அடுத்து அரசிதழிலும் உள்ளூர் மொழி நாளிதழ் ஒன்றிலும் அறிவிப்பு. அதிலும் பாடகரைத் திட்ட வேண்டாம். வாட்ஸ்அப் குழுவை அழிக்காதீர்கள், ஃபோனையும் மாற்றாதீர்கள். ‘இனி உங்களோட பேண்டு கிடையாது’ என்று அவர் எழுதிய செய்தி இருக்கிறதா பாருங்கள், அது ஒன்று போதும் பாதி வேலைக்கு.

வழக்கு? பதிவு செய்யாத கூட்டாண்மை என்பதால், கலைக்கவும் கணக்குக் கேட்கவும் கலைந்த கூட்டாண்மையின் சொத்தை மீட்கவும் மட்டும் வழி உண்டு. கடைசிக் கச்சேரியின் பங்கை மட்டும் தனியாகக் கேட்டு வழக்குப் போட்டால் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு முதல் நாளே நிறுத்திவிடும். மொத்தக் கணக்கு என்று போனால், நீங்கள் எப்போதோ பொதுப் பணத்தில் வாங்கிய கிட்டார் பெடலும் பட்டியலில் ஏறும். ஒரு பழைய மிக்ஸருக்காக இவ்வளவு தூரம் போக வேண்டுமா?

சமரசம் பேசுங்கள், அதுவும் சீக்கிரம். என்னைக் கேட்டால் பெயரை அவருக்கே கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகப் பாடல்களையும் யூடியூப் சேனலையும் வாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் இருவரும் அந்தப் பெயரைத் தொடாமல் இருக்கச் சம்மதியுங்கள். மிக்ஸரை விற்று ஐந்தாகப் பிரியுங்கள். ஒப்பந்தத்தில் ஐந்து பேரும் கையெழுத்துப் போட வேண்டும், கீபோர்டுக்காரரை விட்டுவிடாதீர்கள். பாடல்களின் உரிமையை உங்களுக்கு மாற்றும் பத்தியில் காலத்தையும் இடத்தையும் கட்டாயம் எழுதுங்கள். காலம் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடம் என்றும், இடம் எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளும். ஆறாவது வருடம் அதே பாடலுக்காக அதே ஆளிடம் மறுபடி போய் நிற்க வேண்டியிருக்கும்.