முதலில் எடை, அப்புறம் தோட்டா

கேள்வி: ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள் ஒன்றை என் அளவுக்கு ஏற்பச் செய்துகொள்ளப் போகிறேன். 300 முதல் 600 மீட்டர் வரை இலக்கைச் சுடுவதுதான் நோக்கம். நண்பர்கள் .300 வின்செஸ்டர் மேக்னம் தோட்டாவைச் சொல்கிறார்கள். அதைச் சுட்டுப் பார்த்ததில் தோள் வலித்தது. இப்போது டிரிகரைத் தொடும்போதே கண் மூடிக்கொள்கிறது. குழல்வாயில் மாட்டி உதையைக் குறைக்கும் மசில் பிரேக் போட்டால் சரியாகிவிடுமா?

பதில்: மேக்னம் வேண்டாம். நீங்கள் சொல்லும் தூரத்துக்கு அது தேவையே இல்லை.

பின்னுதைப்பு என்றதும் எல்லோரும் குண்டின் எடையைத்தான் பார்க்கிறார்கள். வெடிமருந்தை மறந்துவிடுகிறார்கள். அது எரிந்து வாயுவாகி, குண்டின் வேகத்தைப் போல ஏறக்குறைய 1.75 மடங்கு வேகத்தில் குழல்வாயை விட்டுப் பாய்கிறது. அதுவும் ரைபிளைப் பின்னால் தள்ளும். .308 வின்செஸ்டர் தோட்டாவில் 168 கிரெய்ன் (ஒரு கிரெய்ன் சுமார் 0.065 கிராம்) குண்டுக்குச் சுமார் 43 கிரெய்ன் மருந்து. .300 மேக்னத்தில் 180 கிரெய்ன் குண்டுக்கு 70 கிரெய்னுக்கு மேல். குண்டில் வித்தியாசம் வெறும் 12 கிரெய்ன்தான், ஆனால் 3.6 கிலோ ரைபிளில் உதையின் ஆற்றலைக் கணக்கிட்டால் முன்னதற்குச் சுமார் 22 ஜூல், பின்னதற்குச் சுமார் 44 ஜூல். அப்படியே இரட்டிப்பு. உங்கள் தோள் பொய் சொல்லவில்லை.

அதே எடை ரைபிளில் 140 கிரெய்ன் குண்டுள்ள 6.5 க்ரீட்மோர் தோட்டாவுக்குச் சுமார் 18 ஜூல்தான். அதன் குண்டு நீண்டு மெலிந்திருப்பதால் 600 மீட்டரில் காற்று அதை .308 குண்டு அளவுக்குத் தள்ளாது. உங்களுக்கு நான் சொல்வது இதைத்தான். குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகள் குழலில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருக்கும்படி கேளுங்கள். ஒரு குறை உண்டு: .308 குழலைவிட இது சீக்கிரம் தேயும்.

இன்னொரு வசதியும் இருக்கிறது. .243 வின்செஸ்டர், 7 மிமீ-08 ரெமிங்டன், .308, 6.5 க்ரீட்மோர் நான்குக்கும் அடிப்பகுதி விட்டம் ஒன்றே, நான்கும் குட்டைத் தோட்டாக்களுக்கான ஷார்ட் ஆக்‌ஷனில் அடங்கும். நாளை மனம் மாறினால் போல்ட்டைத் தொடாமல் குழலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். மேக்னத்துக்குத் தோட்டாவின் அடியைப் பிடிக்கும் போல்ட் முகமே வேறு.

சரி, எடைக்கு வருவோம். தோட்டா எதுவானாலும், ரைபிளின் எடை கூடக்கூட உதையின் ஆற்றல் அதே விகிதத்தில் குறையும். அந்த 18 ஜூல் 4.5 கிலோவில் சுமார் 14 ஆகிவிடும். இலக்குக்கு முன் படுத்துச் சுடும் ரைபிளை மலையேறத் தூக்கிப்போகப் போவதில்லை; ஸ்கோப்போடு சேர்த்து 5 கிலோ தாண்டினாலும் நல்லதுதான். தடித்த குழலைத் தேர்ந்தெடுங்கள்.

தோளில் ஊன்றும் ஸ்டாக்கின் நீளம் உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும். குட்டையாக இருந்தால் ஸ்கோப் புருவத்தில் இடிக்கும். கன்னம் பதியும் மேல்விளிம்பு நேராக இருந்தால் உதை நேரே தோளுக்கு வரும். சரிந்திருந்தால் குழல்வாய் மேலெழும்பிக் கன்னத்தில் அறையும். பின்னால் மென்மையான ரப்பர் பேட் கட்டாயம் வேண்டும்.

மசில் பிரேக் நிச்சயம் வேலை செய்யும். வாயுவைப் பக்கவாட்டில் திருப்பித்தான் உதையைக் குறைக்கிறது. ஆனால் சத்தத்தையும் உங்கள் பக்கமும் பக்கத்தில் படுத்திருப்பவர் பக்கமும் அனுப்பிவிடும். பலத்த சத்தமே கண்ணை மூட வைக்கும் என்பதால் உங்கள் பிரச்சினை கூடவும் வாய்ப்புண்டு. முதலில் பிரேக் இல்லாமல் சுட்டுப் பாருங்கள். குழல்வாயில் மரை மட்டும் போட்டு வைக்கச் சொன்னால் போதும். பிரேக் போட்டால் காதுக்குள் ஃபோம் அடைப்பானும் மேலே காதை மூடும் மஃப்பும் சேர்த்தே அணியுங்கள்.

கண் மூடும் பழக்கத்தை எந்தப் பாகமும் தீர்க்காது. உதை மிகக் குறைவான .22 ரைபிளில் சில வாரம் சுடுங்கள். அப்புறம் புது ரைபிளில், வேறொருவர் நடுநடுவே மருந்தில்லாத டம்மித் தோட்டாவை உங்களுக்குத் தெரியாமல் போட்டுத் தரட்டும். வெடிக்காத தோட்டாவில் குழல் துள்ளினால், உதைக்கு அஞ்சி அசைவது நீங்கள்தான் என்பதை நீங்களே பார்த்துவிடுவீர்கள். தோள் வலிக்கத் தொடங்கியதும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: குழலைப் புதிதாகப் பொருத்தினாலும் பிறகு மாற்றினாலும், முதல் தோட்டா போடும் முன் துப்பாக்கி வேலை தெரிந்தவர் ஹெட்ஸ்பேஸை (போல்ட் முகத்துக்கும் அறைக்குள் தோட்டா போய் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தை) கேஜ் வைத்துச் சோதித்தே ஆக வேண்டும்.