கையை விட்டால் மிஷின் நிற்க வேண்டும்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் தோட்டத்து மண்ணைக் கிளறும் சின்ன மோட்டார் டில்லரைப் பற்றியே இருந்தன. அதனால் மற்றவற்றை அடுத்த முறைக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: புதிதாகப் பெட்ரோல் டில்லர் வாங்கினேன். கத்திகள் முன்பக்கம் இருக்கும் வகை. லீவரை அழுத்தியதும் என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுகிறது, பிடித்து நிறுத்துவதற்குள் பாதி உயிர் போய்விடுகிறது. எனக்குப் பலம் போதவில்லையா, மிஷினில் கோளாறா?

இரண்டும் இல்லை. இந்த வகை டில்லரில் எஞ்சின் ஓட்டும் சக்கரம் என்று தனியாக எதுவும் கிடையாது, மண்ணைக் கொத்துகிற கத்திகளே கால் போல ஊன்றி வண்டியை முன்னால் இழுக்கின்றன. மண் இறுகிக் கிடந்தால் கத்தி உள்ளே இறங்காமல் மேலேயே உருளும், அந்த உருளல்தான் உங்களை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. இதற்காகத்தான் வண்டிக்குப் பின்னால் ஒரு இரும்புக் கம்பி கீழ்நோக்கி நீட்டிக்கொண்டிருக்கிறது. பலர் அது எதற்கென்று தெரியாமல் முதல் நாளே கழற்றி மூலையில் போட்டுவிடுகிறார்கள், நீங்களும் போட்டிருந்தால் தேடி எடுத்து மாட்டுங்கள். கைப்பிடியைக் கீழே அமுக்கினால் அந்தக் கம்பி மண்ணில் குத்தி வண்டியை நிதானப்படுத்தும், கத்தி நின்ற இடத்திலேயே ஆழமாகத் தோண்டும். பிடியை லேசாகத் தூக்கிக் கொடுத்தால் முன்னே நகரும். அமுக்குவது, விடுவது, மறுபடி அமுக்குவது, அவ்வளவுதான் வேலை. கை பழக ஒரு மணி நேரம் ஆகலாம்.

அடுத்தது மண்ணின் பதம். இறங்குவதற்கு முன் ஒரு கை மண்ணை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். பிடித்த உருண்டையைக் கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென உதிர வேண்டும். உதிராமல் பிசைந்த மாவு போல அமுங்கினால் ஈரம் அதிகம், அன்றைக்கு வேண்டாம், கத்தியில் அப்பிக்கொள்ளும், காய்ந்த பிறகு கட்டி கட்டியாக நிற்கும். உருண்டையே பிடிபடாமல் கல் போல இருந்தால் முதல் நாள் நன்றாகத் தண்ணீர் விட்டு, ஒன்றிரண்டு நாள் கழித்து இறங்குங்கள். முதல் ஓட்டத்திலேயே முழு ஆழம் போக நினைக்காதீர்கள். முதலில் 5 முதல் 8 செ.மீ. போதும், அப்புறம் அதே தடத்தில் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

இவ்வளவு செய்தும் ஒரு வேரிலோ புதைந்த கல்லிலோ தட்டி வண்டி துள்ளும். அப்போது இழுத்துப் பிடிக்கப் போராடாதீர்கள், லீவரை விட்டுவிடுங்கள். பிடித்துக்கொண்டே போராடும்போதுதான் கால் வழுக்கி வண்டியின் மேலேயே விழுகிறோம்.

கேள்வி: லீவரை அழுத்திப் பிடித்தே விரல் மரத்துப்போகிறது. ரப்பர் பட்டையால் கைப்பிடியோடு சேர்த்துக் கட்டிவிடலாம் என்று தெரிந்தவர் சொல்கிறார். செய்யலாமா?

கூடாது. இதில் பாதி வழி எதுவும் கிடையாது. அந்த லீவர் இருப்பதே நீங்கள் விழுந்தால், தடுக்கினால், மயங்கினால் கை தானாக விட்டுப்போய் கத்தி நிற்க வேண்டும் என்பதற்காகத்தான். அதைக் கட்டிவிட்டால் நீங்கள் கீழே கிடக்கும்போதும் கத்தி சுற்றிக்கொண்டே இருக்கும். கட்டச் சொன்னவரிடமும் இதைச் சொல்லுங்கள், அவர் வீட்டு மிஷினில் ஏற்கெனவே கட்டியிருக்கிறாரோ என்னவோ.

விரல் மரத்துப்போவதற்கு லீவர் மட்டும் காரணமில்லை, எஞ்சினின் அதிர்வும் சேர்ந்துதான். இருபது நிமிடம் ஓட்டினால் சற்று நிறுத்தி விரல்களை மடக்கி நீட்டுங்கள், பிடியைத் தேவைக்கு மேல் நெரிக்காதீர்கள். நிறுத்திய பிறகும் வெகுநேரம் ஊசி குத்துவது போல இருந்தாலோ, குளிரில் விரல் நுனி வெளுத்தாலோ அப்படியே விட்டுவிட வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். லீவர் ஸ்பிரிங் அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் கேபிளில் துரு ஏறியிருக்கும், சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் இளகும்.

கேள்வி: கத்தியில் புல்லும் கொடியும் சுற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்து மறுபடி கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது பெரிய பாடு. கிளட்சை மட்டும் விட்டுவிட்டு எடுத்தால் என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது கத்திக்கும் விரலுக்கும் நடுவில் இருப்பது ஒரு பெல்ட்டோ ஒரு கேபிளோ மட்டும்தான். கேபிள் ஒரு நாள் சிக்கிக்கொண்டால் போதும். அதனால் முதலில் எஞ்சினை அணையுங்கள். அப்புறம் ஸ்பார்க் பிளக்கின் மேலிருக்கும் ரப்பர் மூடியை வயரோடு பிடுங்கி, பிளக்கில் படாதபடி தள்ளி வையுங்கள். சில டில்லர்களில் கத்தியைக் கையால் திருப்பினால் எஞ்சினும் சேர்ந்து திரும்பும், சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவிக்கு அந்த ஒரு திருப்பலில் வரும் பொறியே போதும். பேட்டரி டில்லர் என்றால் பேட்டரியைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டுத்தான் குனிய வேண்டும்.

இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குச் சொந்தக் காரணம் இருக்கிறது. ஒரு முறை எஞ்சினை அணைத்து, பிளக்கையும் கழற்றிவிட்டு, கத்திகள் மாட்டியிருக்கும் இரும்புத் தண்டில் இறுகியிருந்த கொடியைக் கையால் பிய்த்துக்கொண்டிருந்தேன். முறுக்கிக் கிடந்த கொடி சட்டென்று அவிழ்ந்தபோது கத்தி கால் சுற்று திரும்பி, கையுறையோடு சேர்த்து நடுவிரல் கணுவைக் கிழித்துவிட்டது. எஞ்சின் செத்துக் கிடக்கும்போதே இந்தக் கதி என்றால் ஓடும்போது யோசித்துப் பாருங்கள். அன்றிலிருந்து கையால் பிய்ப்பதே இல்லை. மரம் அறுக்கும் சின்ன ரம்பமோ கொக்கிக் கத்தியோ கொண்டு தண்டின் நீளவாக்கில் கீறிவிட்டால் சுற்றியதெல்லாம் சட்டையைக் கழற்றுவது போல இரண்டாகப் பிரிந்து வரும்.

நைலான் கயிறோ மீன் தூண்டில் நரம்போ சுற்றியிருந்தால் கடைசி இழை வரை எடுங்கள். அது தண்டின் ஓரத்தில் எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் என்ற வளையத்துக்குள் நுழைந்து தேய்க்கும், அப்புறம் கியர் பாக்ஸ் எண்ணெய் சொட்டச் சொட்ட வெளியே போய்விடும். இந்தப் பாடே வேண்டாம் என்றால் இறங்குவதற்கு முந்தின நாள் புல்லைத் தரையோடு வெட்டி, வாரி அப்புறப்படுத்துங்கள். சொட்டுநீர்க் குழாய், பழைய கம்பி, புதைத்த மின்கேபிள் எங்கே ஓடுகிறது என்றும் அப்போதே பார்த்துக் குச்சி நட்டு வையுங்கள்.

கேள்வி: ரிவர்ஸ் எடுக்கும்போது பயமாக இருக்கிறது.

அந்தப் பயம் சரிதான், அது போக வேண்டாம். ரிவர்ஸில் வண்டி உங்கள் காலை நோக்கி வருகிறது. ஆக்சிலரேட்டரை முழுக்கக் குறைத்து, பின்னால் திரும்பிப் பார்த்து, அப்புறம் எடுங்கள். சுவர், வேலி, மரம் எதுவும் உங்களுக்குப் பின்னால் இருக்கக் கூடாது, நடுவில் மாட்டிக்கொண்டால் விலக இடமிருக்காது. முடிந்தவரை முன்னோக்கியே வளைத்துத் திருப்புங்கள். கால் விரல் மூடிய கெட்டி பூட்ஸ் இல்லாமல், செருப்போடு, இந்த வண்டியைத் தொடவே வேண்டாம்.

கேள்வி: கத்திகளைக் கழற்றிச் சாணை பிடித்து மாட்டினேன். அதிலிருந்து மண்ணில் இறங்காமல் குதிக்கிறது.

இடது வலது மாறிவிட்டது. வளைந்த கத்தியின் கூர்முனைதான் சுழலும் திசையில் முதலில் மண்ணைத் தொட வேண்டும். மாறி மாட்டினால் முதுகுப்பக்கம் மண்ணை அடிக்கும், வண்டி குதிக்கும். அடுத்த முறை கழற்றும்போது சாக்பீஸால் குறி போட்டுவிடுங்கள்.

அந்த வளைவுக்கு ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், 1912இல், ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் என்ற இளைஞர் அப்பாவின் பண்ணையில் நீராவி டிராக்டர் எஞ்சினின் விசையில் சுழலும் கத்திகளை ஓட்டிப் பார்த்தார். மண்ணைக் கிளறியது, ஆனால் பக்கவாட்டில் வாரி இறைத்தது. எல் எழுத்து வடிவில் கத்தியை வளைத்த பிறகுதான் அது அடங்கியது. அவர் காப்புரிமை எடுத்தது 1920இல். இன்றைக்கும் பல டில்லர்களின் கத்தி அதே வளைவில்தான் வருகிறது.

கேள்வி: மழை என்பதால் ஷெட்டுக்குள்ளேயே பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்து, சூடானதும் வெளியே கொண்டுபோகிறேன். கதவு திறந்துதான் இருக்கிறது.

கதவு திறந்திருந்தாலும் வேண்டாம். புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தலைவலி வந்த பிறகுதான் தெரியும், அதற்குள் நடக்கத் தெம்பு இருக்காது. வெளியே தள்ளிக்கொண்டு போய் ஸ்டார்ட் செய்யுங்கள். பெட்ரோலும் வெளியில்தான், எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு. சைலன்சர் சூட்டில் சிந்திய பெட்ரோல் ஆவி பிடித்துக்கொள்ள நொடி போதும். மழை நிற்கும் வரை காத்திருங்கள், எப்படியும் அந்த ஈரத்தில் உழக் கூடாது.

கேள்வி: மின்சார டில்லர் பாதுகாப்பானதா?

புகையும் பெட்ரோலும் இல்லை, கத்தி அதே கத்திதான். வயர் உள்ளது என்றால் அதைத் தோள் மேல் போட்டு எப்போதும் உங்களுக்குப் பின்னால் விடுங்கள், பிளக் இருக்கும் பக்கத்திலிருந்து தொடங்கி விலகி விலகிப் போங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவில் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் இல்லாத இணைப்பில் மாட்டாதீர்கள்.

கேள்வி: பத்து வயது மகன் கூடவே வந்து கல் பொறுக்குகிறான். விடலாமா?

மிஷினைத் தொடுவதற்கு முன்னால் தாராளமாக விடுங்கள், குழந்தைகளின் கண்ணுக்குத் தப்பும் கல் கிடையாது. ஸ்டார்ட் செய்த பிறகு தோட்டத்துக்கு வெளியே, கல் தெறித்தாலும் எட்டாத தூரத்தில், இன்னொரு பெரியவரோடு அவன் நிற்க வேண்டும். எஞ்சின் சத்தத்திலும் காதடைப்பானிலும் அவன் கூப்பிடுவது உங்களுக்குக் கேட்காது, அதனால் கையை உயர்த்தினால் நிறுத்துவேன் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கத்தி நின்று, பிளக் வயரைக் கழற்றியதும் மறுபடி வரட்டும், கிளறிவிட்ட மண்ணில் இன்னொரு வாளிக் கல்லாவது மேலே வந்திருக்கும்.