நாயின் காது: உள்ளே பார்க்காமல் எதையும் ஊற்ற வேண்டாம்

கேள்வி: டாக்டர், எங்கள் இரண்டு மாத நாட்டு நாய்க்குட்டி ஓயாமல் காதைச் சொறிகிறது. உள்ளே காப்பித்தூள் போலக் கறுப்பாக அழுக்கு இருக்கிறது. வீட்டில் பூனையும் உண்டு.

பதில்: பூனையோடு வளரும் குட்டிக்கு முதலில் காதுச் சிற்றுண்ணியைத்தான் சந்தேகிக்க வேண்டும். அரை மில்லிமீட்டருக்கும் சிறியதான அது, அழுக்கை நுண்ணோக்கியில் வைத்தால் நகர்வது தெரியும். முட்டை வளர்ந்த பூச்சியாக ஏறத்தாழ 3 வாரம் ஆகும் என்பதால், நான்கு நாளில் சொறிவது நின்றதென்று மருந்தை நிறுத்தினால், மிஞ்சிய முட்டைகள் பொரித்து எல்லாம் திரும்ப வரும். பூனை சொறியாவிட்டாலும் அதற்கும் சேர்த்தே மருந்து வேண்டும். ஆனால் நாய்க்கு வாங்கியதைப் பூனைக்குப் போடாதீர்கள். பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி கலந்த மருந்து பூனையின் உயிரையே வாங்கும்.

கேள்வி: ஆறு வயது லாப்ரடார், ஐயா. அடிக்கடி காது நாறுகிறது. ஒவ்வொரு முறையும் பூச்சி மருந்து விடுகிறோம்.

பதில்: அந்த வயதில் அது பெரும்பாலும் பூச்சி அல்ல. தோல் ஒவ்வாமையால் காது வீங்கி ஈரம் தங்க, மலஸீசியா என்னும் ஈஸ்ட் பெருகியிருக்கலாம். நாய் பாதங்களையும் நக்குகிறதா என்று கவனியுங்கள். ஒவ்வாமைக்கு வைத்தியம் பார்க்காதவரை காது ஆறாது.

கேள்வி: பஞ்சுக்குச்சியால் சுத்தம் செய்யலாமா?

பதில்: கூடாது. நாயின் காதுக்குழாய் ‘ட’ எழுத்தைப் போல இறங்கித் திரும்புவது. குச்சி அழுக்கை அந்த மூலைக்குத் தள்ளிவிடும்.

கேள்வி: வேப்பெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றித்தான் தாத்தா காலத்திலிருந்து குணமாக்குகிறோம். நீங்கள் மருந்துக் கம்பெனிக்காகப் பேசுகிறீர்கள்.

பதில்: எண்ணெய் அழுக்கை இளக்கும், சில பூச்சிகளை மூச்சடைக்கவும் செய்யும் என்பதால், உங்கள் தாத்தா கண்டது பொய்யில்லை. என் அச்சம் செவிப்பறையைப் பற்றியது. அது கிழிந்திருந்தால் ஊற்றியது நடுக்காதுக்குள் போய், நாய் தலை சாய்ந்து தடுமாறும், செவிடாகவும் கூடும். இது எண்ணெய்க்கு மட்டும் சொல்வதல்ல. நாங்கள் எழுதித் தரும் ஜென்டமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும், குளோரெக்சிடின் என்னும் கிருமிநாசினியும் கிழிந்த செவிப்பறை வழியே அதே கேட்டைச் செய்யக்கூடியவை. ஒரு வாரம் எண்ணெய் ஊற்றிய பிறகு என்னிடம் வந்த சிப்பிப்பாறை நாயின் காதுக்குள் இருந்தது கூர்முனையுள்ள புல்விதை; பூச்சி ஒன்றுகூட இல்லை. அந்த ஒரு வாரமும் அது பட்ட வலிக்காகவே சொல்கிறேன்: முதலில் உள்ளே பார்க்கச் செய்யுங்கள்.

கேள்வி: பூண்டில்லாமல் வெறும் எண்ணெய் என்றால்?

பதில்: அதே பதில்தான். தேங்காயெண்ணெய், மஞ்சள் நீர், வினிகர் பற்றிக் கேட்ட மூவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து ஊசி மீதம் இருக்கிறது. போடலாமா?

பதில்: வேண்டாம். நாயின் எடைக்கு அந்த அளவைக் கணிப்பதில் சிறு பிழையும் ஆபத்து. கோலி வகை நாய்களில் பலவற்றுக்கு மரபணுக் குறையால் இம்மருந்து மூளைக்குள் சென்று நஞ்சாகும்.

கேள்வி: காதுமடல் பலூன் போல உப்பியிருக்கிறது, தலையும் ஒரு பக்கம் சாய்கிறது.

பதில்: தலையை உதறி உதறி மடலுக்குள் இரத்தம் கட்டியிருக்கலாம், நீங்களே ஊசியால் குத்தாதீர்கள். தலை சாய்வது உட்காது வரை நோய் போனதன் அடையாளமாக இருக்கலாம் என்பதால், நாளை என்று தள்ளாமல் இன்றே கூட்டிச் செல்லுங்கள்.