சேர்வராயன் மலைக் கல்லுக்கு யார் பெயர்?

அன்புள்ள ஐயா,

என் மகள் கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறாள். ஏற்காடு மலையே ‘சார்னோக்கைட்’ என்கிற கல்தான் என்கிறாள். அகராதியில் பார்த்தால் யாரோ ஒருவரின் பெயரிலிருந்து வந்த சொல் என்று மட்டும் இருக்கிறது. அவருக்கும் நம் மலைக்கும் என்ன சம்பந்தம்?

வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அவருக்கும் மலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவருடைய கல்லறைக்குத்தான் சம்பந்தம்.

ஜாப் சார்னாக் கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி. 1690இல் வங்காளத்தின் சுதாநுட்டியில் வந்து இறங்கியவர். கல்கத்தாவை நிறுவியவர் என்று பாடப்புத்தகங்கள் வெகுகாலம் இவரைத்தான் சொல்லிவந்தன. அப்படிச் சொல்லக் கூடாது என்று 2003இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயமான தீர்ப்பு. அவர் வருவதற்கு முன்பே அங்கே ஊர்கள் இருந்தன.

கல்கத்தா நிற்பது ஆற்று வண்டல்மேல். அங்கே தோண்டினால் மண்தான் வரும், பாறை வராது. அதனால் செயின்ட் ஜான்ஸ் தேவாலய வளாகத்தில் இருக்கும் சார்னாக்கின் கல்லறைக்கு, சென்னைப் பக்கத்துக் கல் போயிருக்கிறது. இருநூறு வருஷம் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை ஆராய்ந்தார். பல்லாவரம், பரங்கிமலைப் பாறையும் அதுவும் ஒன்றே என்று கண்டு, 1893இல் சார்னாக்கின் நினைவாக ‘சார்னோக்கைட்’ என்று பெயர் வைத்தார். கடைசியில் வரும் ‘ஐட்’, கற்களின் பெயரில் சேர்க்கும் கிரேக்க விகுதி. 1900இல் வந்த அவருடைய பெரிய ஆய்வில் சேர்வராயன் மலையும் நீலகிரியும் இந்தக் குடும்பத்தில் சேர்ந்தன. இன்று இலங்கை, நார்வே, அண்டார்டிகா என்று எங்கே இந்தக் கல்லைக் கண்டாலும் இதே பெயர்தான்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். ஏற்காடு சாலையில் வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறிய பாறையைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. புதிதாக உடைந்த சில்லு ஒன்றைக் கையில் எடுக்கட்டும். எண்ணெய் தடவியதுபோல ஒரு மினுமினுப்பு, கரும்பச்சைச் சாயல், நடுவே லேசாக நீலம் ஓடிய குவார்ட்ஸ் மணிகள். கூடவே ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமமும் இருக்கும். இந்தக் கல்லுக்கு அதுதான் அடையாளம். ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமிக்குள் இருபது கிலோமீட்டருக்கும் கீழே, 700 டிகிரியைத் தாண்டிய சூட்டில், நீர்ச்சத்து மிகக் குறைவான சூழலில் உருவான கல். மேலே இருந்த அத்தனையும் கரைந்து போனபிறகு நாம் அதன்மேல் காப்பி பயிரிடுகிறோம்.

இவ்வளவு பழைய கல்லுக்கு ஒரு கம்பெனி அதிகாரியின் பெயரா என்று உங்களுக்கு வருத்தம் இருக்கலாம். எனக்கும் உண்டு. ஆனால் சொல்லை மாற்ற வேண்டாம்; உலகம் முழுக்கப் புழங்கும் சொல் அது. ஏற்காட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தங்கள் காலடியில் இருப்பது என்ன கல் என்று ஆசிரியர்கள் காட்டினால் போதும். தமிழில் எழுதும்போது ‘கருங்கல்’ என்று பொத்தாம்பொதுவாக விட்டுவிடாமல் சார்னோக்கைட் என்றே எழுதலாம்.

அப்புறம் ஒரு செய்தி. சார்னாக் என்பது இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ஓர் ஊர்ப்பெயர். கற்குவியலைக் குறிக்கும் ‘கார்ன்’ என்ற பழைய கெல்டிய வேரோடு அதை இணைத்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. மகளிடம் இதையும் சொல்லுங்கள்.