வரலாறு படிக்கும் மகளுக்குப் பேரிடர்ப் பாடம் எதற்கு?

கேள்வி: என் மகள் மதுரைக் கல்லூரி ஒன்றில் இளங்கலை வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அடுத்த பருவத்துக்கு விருப்பப் பாடமாகச் ‘சுற்றுச்சூழல் பேரிடர்கள்’ எடுக்கப் போவதாகச் சொல்கிறாள். பத்தாம் வகுப்போடு வேதியியலை விட்டவள் இதில் தேறுவாளா? வேலைக்கு இது உதவுமா?
– ஒரு தந்தை, மேலூர்

பதில்: வேதியியலைப் பற்றிய கவலையை விட்டுவிடுங்கள். 1984 டிசம்பர் 2ஆம் தேதி இரவு போபால் பூச்சிக்கொல்லி ஆலையில், மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் இருந்த தொட்டிக்குள் தண்ணீர் புகுந்து, வெப்பமும் அழுத்தமும் ஏறி, நச்சுவாயு ஊருக்குள் பரவியது; தெரிந்துகொள்ள வேண்டிய வேதியியல் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தொட்டியைக் குளிர்விக்கும் அமைப்பு பல மாதங்களுக்கு முன்பே ஏன் நிறுத்தப்பட்டது, கசியும் வாயுவை எரிக்க வேண்டிய கோபுரம் அன்றிரவு ஏன் இயங்கும் நிலையில் இல்லை என்பவையோ ஆவணங்களைப் புரட்டி அறிய வேண்டியவை. அது வரலாற்று மாணவிக்குக் கைவந்த வேலை.

ஜப்பானின் மினமாட்டாவில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். ஓர் ஆலை கடலில் விட்ட பாதரசக் கழிவு, மீன் வழியாக மனிதர் உடலில் ஏறி நரம்புகளைத் தாக்கியது. நோய் 1956இல் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கரிமப் பாதரசமே காரணம் என்று குமமோட்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1959இல் கூறிவிட்டார்கள். ஆனால் கழிவு நின்றது 1968இல்தான். இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் யார் எதை அறிந்திருந்தார்கள், அறிந்தும் ஏன் பேசாதிருந்தார்கள் என்பதே, என் கருத்தில், இந்தப் பாடத்தின் உயிர்நாடி.

பாதரசத்துக்காக ஜப்பான் வரை போகவும் வேண்டாம். கொடைக்கானலில் இயங்கிய வெப்பமானி ஆலை, அதன் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு ஒரு பழைய இரும்புக் கடையில் கிடந்தது தெரியவந்து, 2001இல் மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆயிற்று. காலையில் ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானலில் இருக்கலாம் என்பதால், ஆய்வுக் கட்டுரைக்கு இதையே எடுக்கச் சொல்வேன்.

இந்த ஒரு பாடத்துக்காக எவரும் வேலை தரமாட்டார்கள். குடிமைப் பணி முதன்மைத் தேர்வின் பொது அறிவு மூன்றாம் தாளில் சுற்றுச்சூழலும் பேரிடர் மேலாண்மையும் இருப்பதால், அந்தப் பக்கம் எண்ணமிருந்தால் உதவும். சேருமுன் பாடத்திட்டத்தை ஒருமுறை பார்க்கட்டும். புயல், நிலநடுக்கப் பட்டியலும் முதலுதவிப் பயிற்சியும் மட்டுமே இருந்தால், அது பேரிடர் மேலாண்மைப் பாடம். இவளுக்கு வேண்டியது அதுவன்று.

களப்பணி உண்டென்று தெரிந்து, பெண்பிள்ளையை மலைக்கு அனுப்பத் தாங்கள் தயங்கினால், தங்கள் வட்டாரத்துக் கிரானைட் குவாரிகளே இருக்கின்றன. அவற்றில் நடந்த முறைகேடுகளை விசாரிக்க 2014இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்ததும், அவர் ஊர் ஊராகப் போய் மனு வாங்கியதும் தங்களுக்கு நினைவிருக்கும். மகள் முதலில் பேட்டி எடுக்க வேண்டியவர் தாங்களாகவே இருக்கலாம்.