ராக் பேண்டில் சரியாக அடித்தும் தப்பு விழுகிறதா?

கேள்வி: வீட்டில் நாலு பேர் சேர்ந்து ராக் பேண்ட் 4 விளையாடுகிறோம் (பிளாஸ்டிக் கிட்டார், டிரம்ஸ், மைக் வைத்துக்கொண்டு, திரையில் நகர்ந்து வரும் நோட்டுக் குறிகளைப் பாட்டோடு சேர்த்து அடிக்கும் வீடியோ கேம்). பழைய டிவியில் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பெரிய டிவியும் ப்ளூடூத் சவுண்ட்பாரும் வந்த பிறகு ஒரு பாட்டைக்கூட ஒழுங்காக முடிக்க முடியவில்லை. அதிகம் திணறுவது டிரம்ஸ் அடிக்கும் மகள்தான். கிட்டார் ஓரளவு பரவாயில்லை. டிவியில் கேம் மோட் (விளையாடும்போது படத்தைத் தாமதமின்றிக் காட்டுவதற்கான அமைப்பு) போட்டும் பலனில்லை. கருவிகள் பழுதாகிவிட்டனவா? வேறு வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். டிவியையும் சவுண்ட்பாரையும் மாற்றிய அன்றே ஆரம்பித்த கோளாறு என்றால் கருவிகளைச் சந்தேகிக்கக் காரணமே இல்லை. உங்கள் வீட்டில் படம் ஒரு அளவு தாமதமாக வருகிறது, சத்தம் வேறொரு அளவு தாமதமாக வருகிறது. இரண்டையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ளாமல் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டும்.

டிவி தன்னிடம் வரும் படத்தை அப்படியே திரையில் போடுவதில்லை. அசைவை வழவழப்பாக்கும், புள்ளிகளைத் துடைக்கும், நிறத்தைக் கூட்டும். அதற்கெல்லாம் சில ஃபிரேம்களை, அதாவது அடுத்தடுத்து வரும் தனித்தனிக் காட்சிகளை, பிடித்து வைத்துக்கொள்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும்போது ஒரு ஃபிரேம் என்பது கிட்டத்தட்ட 17 மில்லி விநாடி. சினிமா பார்க்கும் மோடில் 100 மில்லி விநாடி வரை பின்தங்கும் டிவிகள் உண்டு. படம் பார்க்கிறவருக்கு அது தெரியாது. ஒரு நோட்டை ஏற்றுக்கொள்ள இந்த விளையாட்டு தரும் அவகாசமே ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதால் உங்களுக்குத் தெரிகிறது.

கேம் மோட் இதைப் பெருமளவு குறைக்கும். ஆனால் பல டிவிகளில் அது ஒவ்வொரு எச்டிஎம்ஐ இணைப்புக்கும் தனியாகச் சேமிக்கப்படுகிறது. கன்சோல் செருகியிருக்கும் அதே இணைப்பில்தான் போட்டீர்களா என்று பாருங்கள். அதைவிட முக்கியமான ஒன்று: பழைய டிவிக்காக விளையாட்டுக்குள் வைத்த கேலிபரேஷன் எண்கள் (படமும் சத்தமும் எவ்வளவு தாமதம் என்று விளையாட்டுக்குச் சொல்லும் அளவுகள்) இன்னும் அப்படியே இருக்கும். டிவியின் தாமதம் குறைந்தும் விளையாட்டு பழைய கணக்கிலேயே ஓடினால் பிழை நேர்எதிர்த் திசைக்குத் திரும்பிவிடும். கேம் மோட் போட்டும் பலன் தெரியாததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

அடுத்தது சவுண்ட்பார். ப்ளூடூத்தை இந்த விளையாட்டுக்கு முற்றிலும் விட்டுவிடுங்கள் என்பதுதான் என் உறுதியான கருத்து. அதில் 150, 200 மில்லி விநாடி தாமதம் சாதாரணம். அதுகூட நிலையாக இருந்தால் கணக்கில் சேர்த்துவிடலாம். ஆனால் துண்டித்து மறுபடி இணைக்கும்போது அளவு மாறிப்போகவும் வாய்ப்பு இருக்கிறது. நேற்று வைத்த எண் இன்று பொருந்தாமல் போகலாம். ஒயர் வழியாக இணையுங்கள், அல்லது விளையாடும் நேரத்துக்கு டிவியின் சொந்த ஸ்பீக்கரே போதும்.

கேலிபரேஷன்தான் இருக்கிறதே, அதிலேயே எல்லாவற்றையும் சரிக்கட்டக் கூடாதா என்று கேட்கலாம். பாதிதான் முடியும். உங்கள் பிளாஸ்டிக் கிட்டாரில் சத்தம் பிறப்பதில்லை. பாட்டு ஏற்கெனவே பதிவானது. நீங்கள் தவறவிட்டால் உங்கள் கருவியின் பகுதி மட்டும் அடங்கும், சரியாக அடித்தால் தொடர்ந்து கேட்கும். அடுத்து என்ன வரப்போகிறது என்பது விளையாட்டுக்கு முன்பே தெரியும் என்பதால் படத்தையும் சத்தத்தையும் முன்கூட்டியே அனுப்பித் தாமதத்தை மறைக்க முடிகிறது. ஆனால் ஃப்ரீஸ்டைல் கிட்டார் சோலோவுக்கு, அதாவது நீங்களே விருப்பப்படி வாசிக்கும் பகுதிக்கு, இந்தக் கணக்கு உதவாது. அங்கே நீங்கள் அழுத்திய பிறகுதான் சத்தமே உருவாகிறது. ஸ்பீக்கரின் தாமதம் முழுவதும் அப்படியே காதில் விழும். மைக்கில் பாடுகிறவரின் குரலும் இப்படித்தான் பிந்தித் திரும்பி வரும். அது தடுமாற வைத்தால் மைக் ஒலியளவை மட்டும் குறைத்துவிடுங்கள், மதிப்பெண் பாதிக்காது. அதனால்தான் முதலில் தாமதத்தையே குறைக்கச் சொல்கிறேன். மிச்சமிருப்பதற்குத்தான் கேலிபரேஷன்.

மகள் மட்டும் ஏன் அதிகம் திணறுகிறாள்? குச்சி பேடில் படும் 'டப்' சத்தம் அவள் காதில் உடனே விழுகிறது. பாட்டின் டிரம்ஸ் அதற்குப் பிறகு வருகிறது. இரண்டு தாளம் ஒரே நேரத்தில் கேட்டால் எந்தக் கையும் தடுமாறும். கிட்டாரில் ஸ்ட்ரம் பாரின் (தந்திக்குப் பதிலாகத் தட்டும் பட்டையின்) 'டிக்' மெல்லியது, பாட்டுச் சத்தத்தில் அமுங்கிவிடும். வாசிக்கிறவர் தன்னையறியாமல் கொஞ்சம் முந்தி அடிக்கப் பழகியும்விடுவார். உங்கள் வீட்டில் தாளத்தைக் கூர்மையாகக் கேட்கிறவள் அவள்தான், அவளிடம் இதைச் சொல்லுங்கள்.

கை தவறா, தாமதமா என்று உறுதிசெய்ய ஒரு வழி இருக்கிறது. நிதானமான, சீரான தாளமுள்ள பாட்டைப் பயிற்சி மோடில் போட்டு, ஒவ்வொரு நோட்டையும் அது திரையில் அடிக்க வேண்டிய இடத்தைக் காட்டும் கோட்டைத் தொடுவதற்குச் சற்று முன்பே அடிக்கச் சொல்லுங்கள். அடுத்த தடவை, தொட்டபின் சற்றுப் பிந்தி. ஏதாவது ஒரு பக்கம் தள்ளியபோது எல்லாம் சரியாக விழுந்தால் அது தாமதம். எந்தப் பக்கம் தள்ளினாலும் சில விழுந்து சில தவறினால் அது பழக்கம் சார்ந்தது, கேலிபரேஷன் அதைத் தீர்க்காது.

சரி, இனி கேலிபரேஷன். வீட்டில் யாருடைய தாளம் நிலையானதோ அவர் கிட்டாரை எடுத்து, வழக்கமாக நின்று விளையாடும் இடத்திலேயே நிற்கட்டும். (3 மீட்டர் கடக்க ஒலிக்கே கிட்டத்தட்ட 9 மில்லி விநாடி ஆகும்.) ஒலிச் சோதனையில் கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் நம்பி அடிக்க வேண்டும். படச் சோதனையில் சத்தத்தை முழுவதும் நிறுத்திவிட வேண்டும். கண்ணும் காதும் கலந்தால் இரண்டு எண்ணுமே கெடும். ஒவ்வொன்றையும் மூன்று முறை செய்து நடு எண்ணை வையுங்கள். மூன்றும் வெகுவாக விலகி வந்தால் ப்ளூடூத் எங்காவது இன்னும் ஓடுகிறதா என்று பாருங்கள்.

அதன்பின் மகளை ஒரு பாட்டு வாசிக்கவிடுங்கள். இன்னும் லேசாக உறுத்தினால் ஒலி எண்ணை மட்டும் 10 மில்லி விநாடி ஒரு பக்கம் நகர்த்தி அதே பாட்டை மறுபடி போடுங்கள், மோசமானால் மறுபக்கம். ஒரே நேரத்தில் இரண்டு எண்ணையும் தொட வேண்டாம், எது உதவியது என்றே தெரியாமல் போய்விடும்.

இவ்வளவுக்கும் பிறகு டிரம்ஸில் மட்டும் பிழை நின்றால் அப்போது கருவியைப் பாருங்கள். பெடல் தரையில் வழுக்கி விலகுகிறதா, ஒரு பேடை ஓங்கி அடித்தால் பக்கத்துப் பேடும் அதிர்ந்து பதிவாகிறதா, பேட்டரி தீரும் நிலையில் இருக்கிறதா என்று வரிசையாகச் சோதியுங்கள். பெடலுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு ஒன்று போட்டாலே முதல் பிரச்சினை தீரும், கீழ்வீட்டுக்குப் போகும் இடிச் சத்தமும் குறையும்.